வலிப்பு நின்றால் போதுமா?



ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கையில் சாவியைத் திணிக்க நாலு பேர் ஓடி வருவார்கள். அதனால் பயன் எதுவுமில்லை; பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். ஆனால், எழுந்து வீடு திரும்பியவரிடம் "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர்கள் அரிது.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருக்கிறது. வேலை போனது, பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், கவலை இருக்காதா என்பீர்கள். அது பாதி உண்மை. மறுபாதி மூளையில் இருக்கிறது. காதுக்கு உட்புறம் உள்ள மூளைப் பகுதி நினைவோடும் அச்சத்தோடும் தொடர்புடையது. பல வலிப்புகள் அங்கேதான் தொடங்குகின்றன. அதனால் சிலருக்குக் கை கால் இழுக்காமல், திடீர்ப் பயமாகவே வலிப்பு வரும். மனச்சோர்வு முதலில் வந்து, வலிப்பு பின்னால் வருவதும் உண்டு.

இன்னொன்றையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். அடுத்தடுத்துப் பல வலிப்புகள் வந்தபின் நோயாளி தெளிவடைவார். ஓரிரு நாள் நன்றாகவே இருப்பார். பிறகு திடீரென, காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்பார். பேய் பிடித்தது என்று பூசாரியையோ போமோவையோ தேடி ஓடாதீர்கள். இது வலிப்புக்குப் பின் வரும் மனக்குழப்பம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சிகிச்சை தந்தால் பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ தீரும்.

சில சமயம் மருந்தும் காரணமாகலாம். லெவெட்டிராசெட்டாம் போன்ற மாத்திரைகள் சிலருக்கு எரிச்சலையும் சோர்வையும் தரும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். மனச்சோர்வு மருந்து வலிப்பைக் கூட்டிவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால், இன்று வழக்கத்தில் உள்ள பெரும்பாலான மருந்துகள் அப்படிச் செய்வதில்லை.

வலிப்பு உள்ளவர்களிடையே தற்கொலை மற்றவர்களைவிட அதிகம். தூக்கம் கெட்டு, சாப்பாட்டில் நாட்டமின்றி, "நான் இருந்து என்ன?" என்று ஒருவர் சொன்னால், அதை வெறும் புலம்பல் என்று தள்ளாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. மனம் திறக்க வழி பிறக்கும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எத்தனை முறை வலிப்பு வந்தது என்பதோடு, மனம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நோயின் கணக்குத்தான்.