சிறு தளமும் விளம்பர வருவாயும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பொழுதுபோக்காகத் தொடங்கும் ஒரு சிறிய இணையதளத்தில் விளம்பரம் வெளியிட்டுப் பொருள் ஈட்ட இயலுமா என்பது குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். இளைஞர் பலர் இக்கேள்வியை எழுப்புகின்றனர். கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு இணையத்தை நம்பி இறங்கிவிடலாம் என்று எண்ணுவோரும் அவர்களுள் உளர். ஆதலால் ஆசையூட்டாமலும் அச்சமூட்டாமலும் உள்ளதை உள்ளவாறே எடுத்துரைப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

விளம்பரம் என்ற சொல் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர்த் 'தமிழன்' எனப் பெயர் பெற்ற அவ்விதழை 1914-இல் தாம் மறையும் வரை நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1920-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் பம்பாயில் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அவ்விதழ் வெளிவரும் செய்தியைக் கட்டண விளம்பரமாக வெளியிடக் கேட்டபோது, அந்நாளில் செல்வாக்கு மிகுந்த 'கேசரி' பணம் பெற்றுக்கொண்டு வெளியிடவும் மறுத்துவிட்டது. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் வழங்கி உதவினார். ஆயினும் 1923-இல் அவ்விதழ் நின்றுபோயிற்று.

அன்று விளம்பரப் பக்கத்தின் சாவி முழுவதும் பிறர் கையில் இருந்தது. இன்று ஒரு சிறு சாவி நம் கைக்கும் வந்திருக்கிறது. அது எந்தப் பூட்டைத் திறக்கும், எதைத் திறக்காது என்பதை அறிந்துகொள்வதே அறிவுடைமை.

நம் தெருக்களில் எல்லாரும் அறிந்த கேரம் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். வடசென்னையின் சிறு சந்துகளில் வளர்ந்த கலை அது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக வாகையர் ஆனார். 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024-இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகப் போட்டியில், சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கம் வென்றார். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையிலேதான் தோன்றிற்று.

இளைஞர் ஒருவர் கேரத்திற்கென ஒரு தமிழ் இணையதளம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 19 காய்களின் விதிமுறை, ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படலாகாது என்னும் விவரம், பலகை மழைக்காலத்தில் வளையாமல் காக்கும் முறை, போட்டி அறிவிப்புகள் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதுகிறார். மாதம் 3,000 பேர் வருகின்றனர். ஒருவர் இரண்டு பக்கம் படித்தால் 6,000 பார்வைகள்.

இதற்கு விளம்பரம் பெறும் வழி இரண்டு. முதல் வழி, கூகுள் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஆட்சென்ஸ் போன்ற இடைத்தரகு ஏற்பாடு. தமிழ்த் தளங்களுக்கு 2018-இல் அதன் கதவு திறந்தது. வாசகர் ஒரு பக்கத்தைத் திறக்கும் கணத்திலேயே அங்குள்ள விளம்பர இடம் ஏலம் விடப்படுகிறது. மிகுதியாகக் கேட்டவரின் விளம்பரம் தோன்றுகிறது. தளத்தினருக்கு ஒரு பங்கு சேர்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவரே கணக்குத் தொடங்கலாம். பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதி செய்ய அஞ்சலில் ஓர் எண் வரும். நூறு டாலர் சேர்ந்த பின்னரே பணம் வங்கிக்கு வரும்.

இப்பொழுது கணக்குப் போடுவோம். ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் கிடைப்பதாகக் கொண்டால், 6,000 பார்வைக்கு மாதம் 240 ரூபாய். நூறு டாலர் என்பது 8,500 ரூபாய்க்கு மேற்பட்டது. அதைத் தொட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும்! அதற்குள் தளப் பெயருக்கு ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் செலவாகியிருக்கும். இதை நம்பியா படிப்பைத் துறப்பது?

இரண்டாம் வழி, விளம்பர இடத்தை நாமே நேரில் விற்பது. வருவோர் 3,000 பேர்தாம். ஆயினும் அவர்கள் அனைவரும் கேரம் ஆடுபவர்கள். பற்பசை விற்பவருக்கு இக்கூட்டம் சிறிது. பலகை செய்பவருக்கும், காயும் ஸ்ட்ரைக்கரும் விற்பவருக்கும், பயிற்சி நிலையம் நடத்துபவருக்கும் இதுவே தேடிக் கிடைக்காத சந்தை. அத்தகையோர் நால்வர் மாதம் 300 ரூபாய் தந்தால் 1,200 ரூபாய் ஆயிற்று. முதல் வழியைப் போல் ஐந்து மடங்கு!

இதற்கு உலகறிந்த சான்று உண்டு. 2007-இல் அமெரிக்காவில் ஜெசிகா, கேசிடி போர்ப்ஸ் என்னும் இருவர், கைப்பின்னல் கலைக்கென 'ராவெல்ரி' என்னும் தளத்தைத் தொடங்கினர். அதில் நூல் விற்போரும் பின்னல் மாதிரி வரைவோரும் சிறு சிறு விளம்பரங்கள் தந்தனர். பின்னுவோர்க்கு வேண்டிய பொருளையே அவ்விளம்பரங்கள் காட்டின. தளம் வளர்ந்து பல இலட்சம் உறுப்பினரைப் பெற்றது. கூட்டத்தின் அளவைவிடக் கூட்டத்தின் பொருத்தமே சிறு தளத்தின் முதல் என்பது இதனால் விளங்கும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூறல் வேண்டும். ஏல விளம்பரம் தளம் நடத்துபவரின் சாதியைக் கேட்பதில்லை. கடைக்காரரிடம் நேரில் செல்லும்போதோ, ஊரும் தெருவும் கேட்கப்படலாம். முகம் மாறவும் கூடும். அந்நேரம் தலை குனியலாகாது. மாத வருகை எண்ணிக்கையையும் விளம்பரக் கட்டணத்தையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொண்டு செல்லுங்கள். யாசகம் கேட்கச் செல்லவில்லை, சரக்கு விற்கச் செல்கிறோம் என்னும் நிமிர்வு வேண்டும். ஒருவர் மறுத்தால் வேறு ஊரில் உள்ள உற்பத்தியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் இரசீது கொடுங்கள்.

சில எச்சரிக்கைகளும் தேவை. நம் தளத்து விளம்பரத்தை நாமே சொடுக்குவதும், நண்பரைச் சொடுக்கச் சொல்வதும் மோசடி. கண்டறியப்பட்டால் சேர்ந்த பணமும் கணக்கும் போய்விடும். பிறர் எழுத்தையும் படத்தையும் கேட்காமல் எடுத்தாளலாகாது. பணம் பெற்று எழுதியதை 'விளம்பரம்' என்றே குறிப்பிட வேண்டும். பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டங்கள் பெருந்தொகை காட்டி விளம்பரம் கேட்டு வரும். அவற்றின் விளம்பரத்தை 2025-இல் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லையெனினும், நம் தெருவில் ஒரு குடும்பத்தின் கூலியைப் பறிக்கும் பணம் நமக்கு வேண்டா.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், கல்லூரி இரண்டாம் ஆண்டில், "ஐயா, படிப்பை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யட்டுமா?" என்று கேட்டார். நாம் அவரிடம் ஒரு தாளையும் பேனாவையும் தந்து, மேற்கண்ட கணக்கைப் போடச் சொன்னோம். போட்டு முடித்து, "மாலை நேரத்துக்கு இது போதும், ஐயா" என்றார். அவர் பட்டமும் பெற்றார்; தளத்தையும் விடவில்லை.

இளைஞர்களே! இவ்வருவாய் தேர்வுக் கட்டணத்திற்கும், சில நூல்களுக்கும் உதவும், குடும்பத்தைத் தாங்காது. எனினும் அதனினும் பெரிய பேறு ஒன்றுண்டு. ஒரு துறையில் ஐயம் எழுந்தால் நாலு ஊர் மக்கள் உங்கள் எழுத்தைத் தேடி வருவர். விளம்பரம் தருபவரும் அந்த மதிப்பை நம்பியே தருவர். பணம் கொடுத்தும் இடம் மறுக்கப்பட்டவர்களின் வழிவந்த நாம், இன்று பிறர்க்கு விளம்பர இடம் கொடுக்கும் நிலையை அடையலாம். அவ்விடத்தைப் படிப்பால் தாங்குங்கள். நேர்மையால் காத்துக்கொள்ளுங்கள் என்று கூறி அமைகிறோம்.