சிறுத்தை ஆண்ட துறைமுகம்

நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில், ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது கலபார். எஃபிக் மக்களின் ஊர். மேட்டின்மேல் நிற்கும் பழைய ரெசிடென்சி, 1884இல் பிரிட்டனிலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்து இங்கே பொருத்தப்பட்ட மரவீடு. இப்போது அருங்காட்சியகம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஊரின் கதை கீழே, ஆற்றில் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே நங்கூரமிட்டவை அடிமைக் கப்பல்கள். துணியும் இரும்பும் துப்பாக்கியும் எஃபிக் வணிகர்களுக்குக் கடனாக இறங்கும். உள்நாட்டிலிருந்து மனிதர்களைக் கொண்டுவந்து அவர்கள் அந்தக் கடனை அடைப்பார்கள். அதுவரை சொந்த உறவினர்களையே ஈடாகக் கப்பலில் விட்டுவைப்பதும் உண்டு. அந்தேரா டியூக் என்ற எஃபிக் வணிகர் 1785 முதல் 1788 வரை தமக்குத் தெரிந்த வணிக ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. விருந்து, சாவு, சரக்கு எல்லாம் ஒரே குரலில் வரும். அந்த நிதானம்தான் பயமுறுத்துகிறது.

கடன் திரும்பாவிட்டால்? போலீஸும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. எக்பே இருந்தது. சிறுத்தையின் பெயரில் இயங்கும் ஆண்கள் சங்கம். பணம் கட்டித்தான் படிப்படியாக ஏற முடியும். உச்சியில் பெரிய வணிகர்கள். சங்க வீட்டின் மறைவறையிலிருந்து சிறுத்தையின் உறுமல் போன்ற ஒலி எழும். முகமூடியணிந்த தூதர் இடுப்பு மணி குலுங்கத் தெருவில் வருவார். ஒருவர் மீது எக்பே தடை விதித்தால் யாரும் அவரோடு வியாபாரம் செய்யக் கூடாது. வெள்ளைக்காரக் கப்பல் தலைவர்களும் இதற்கு அடங்கினார்கள். சிலர் பணம் கட்டி உறுப்பினரே ஆனார்கள்.

ஆனாலும் எக்பேயால் தடுக்க முடியாத கொடுமைகள் உண்டு. 1767இல் கலபாரின் ஒரு பகுதியான ஓல்ட் டவுனின் மக்களைச் சமாதானம் பேசலாம் என்று ஆங்கிலேயக் கப்பல் தலைவர்கள் அழைத்தார்கள். போட்டி ஊரான டியூக் டவுனோடு அந்தக் கப்பல் தலைவர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள். வந்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் விற்கப்பட்டார்கள். அப்படி விற்கப்பட்ட ஆளும் குடும்பத்து இளைஞர்கள் இருவர் டொமினிக்கா, வர்ஜீனியா, பிரிஸ்டல் என்று அலைந்து, சட்டப் போராட்டத்தில் விடுதலை பெற்று, 1774இல் கலபார் திரும்பினார்கள்.

திரும்பாதவர்கள் ஆயிரமாயிரம். அவர்களில் கியூபா போய்ச் சேர்ந்தவர்கள் எக்பேயைக் கையோடு கொண்டுபோனார்கள். ஹவானா துறைமுகத்தில், ரெக்லாவில், 1836இல் அவர்கள் தொடங்கிய சங்கம் அபாகுவா என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. அதன் சடங்குப் பாட்டுகளில் எஃபிக் சொற்கள் இருக்கின்றன. அந்தச் சங்கத்தார் சிலர் இந்த நூற்றாண்டில் கலபாருக்கே வந்து, எக்பே முகமூடிக்காரர்களோடு சேர்ந்து ஆடினார்கள்.