நாலு வயது ‘மாட்டேன்’

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். இன்று எங்கள் வீட்டை ஆளும் நாலு வயதுக்காரி ஒருத்தியைப் பற்றியும், அவளைப் போன்ற பிள்ளைகளைப் பற்றியும் பேச அனுமதி கேட்கிறோம். ‘நாங்கள்’ என்று பன்மையில் பேசுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ‘நான்’ என்ற சொல்லின் முழு உரிமையும் அவளிடம் இருக்கிறது. “நான்தான் கதவத் தொறப்பேன்”, “நான்தான் பொத்தான் போடுவேன்”, “நான்தான் லைட் போடுவேன்.” அப்பா, அம்மா, அப்பாயி மூவருக்கும் மிச்சமிருப்பது ‘நாங்கள்’ மட்டும்தான்.

எங்கள் வீடு டயகமவில். தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துல, அக்கரபத்தனை வழியாக வளைந்து வளைந்து மேலே வர வேண்டும். மலைக்கு அப்பால் ஹோர்ட்டன் சமவெளி. காலையில் வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். அந்தக் குளிரில்தான் தினமும் சுவெட்டர்ப் போர் நடக்கும்.

அடம்பிடிக்கும் பிள்ளையிடம் கட்டளை போடாமல் இரண்டு பொருளைக் காட்டித் தெரிவு செய்யச் சொல்லுங்கள் என்று பெற்றோருக்கு நாங்களே கிளினிக்கில் சொல்வோம். ஆகவே வீட்டிலும் கேட்டோம்: “செல்லம், சிவப்பு சுவெட்டரா, நீலமா?” இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பாவோடது.” அன்று முன்பள்ளிக்கு அப்பாவின் சுவெட்டர்தான் போனது. உள்ளே இரண்டு கால்கள் இருந்தன என்பதைத் தவிர அடையாளம் ஒன்றுமில்லை. மறுநாள் சுவெட்டரே வேண்டாம் என்றாள். “குளிருதேம்மா” என்றதற்கு, “எனக்குக் குளிரல. அம்மாவுக்குத்தான் குளிருது. அம்மாவே ரெண்டு போட்டுக்கங்க” என்று மருந்து எழுதித் தந்தாள்.

அடுத்தது ரொட்டி. சூடு ஆறட்டும் என்று அப்பாயி ரொட்டியை இரண்டாகப் பிய்த்து வைத்தார். பிழையான காரியம். “முழுசா வேணும்.” வேறு முழு ரொட்டி கொடுத்தோம். “அது வேற ரொட்டி. இந்த ரொட்டிதான் முழுசா வேணும். ஒட்டித் தாங்க.” அப்பா பட்டர் தடவி ஒட்டிப் பார்த்தார். ரொட்டி ஒட்டவில்லை, அழுகை மட்டும் வலுத்தது. வீட்டில் இரண்டு பட்டதாரிகள் செய்வதறியாது நின்றபோது, அப்பாயி இரண்டு துண்டையும் கோப்பையில் சேர்த்து வைத்து ஒரு மூடியால் மூடினார். “ரொட்டி அழுது களைச்சுப் போச்சு. கொஞ்சம் தூங்கட்டும்.” பிறகு எதுவும் பேசாமல் அடுப்பங்கரையில் தன் வேலையைப் பார்த்தார். சிறிது நேரத்தில் மூடி திறந்தது. இரண்டு துண்டும் சம்பலோடு உள்ளே போயின. ஒட்டிய ரொட்டியா, ஒட்டாத ரொட்டியா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அப்பாயி செய்த வைத்தியத்துக்கு ஆராய்ச்சியிலும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் குடினஃப் என்ற உளவியலாளர், சிறு பிள்ளைகளின் கோபத்தைப் பற்றி 1931-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகள் கோபப்பட்ட ஒவ்வொரு தடவையையும் வீட்டிலேயே குறித்து வைக்கும்படி பெற்றோரிடம் கேட்டு எழுதிய நூல் அது. பெரும்பாலான கோபங்கள் 5 நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னர் அவை கூடின. இரண்டாம் வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு குறைந்தன. பசி, களைப்பு, தூக்கம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள் என்று இன்று நாங்கள் சொல்வதும் அதுதான். ஆசை பெரியவர்களுடைய ஆசையைப் போலவே பெரிது. அதை அடக்கிப் பிடிக்கும் மூளையின் முன்பகுதியோ வளர்ந்து முடிய இருபது வயதும் தாண்ட வேண்டும். நாலு வயதில் பிரேக் இல்லாத லொறியில்தான் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் வைத்தியராக ஒரு வார்த்தை. எல்லா எரிச்சலும் பிடிவாதம் ஆகாது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையும் சிடுசிடுப்பாக இருக்கும். மண், சுண்ணாம்பு தின்னும். அழும்போது மூச்சு அடங்கி நீலம் பாயும் பிள்ளைகள் சிலருக்கும் இரும்புச்சத்துக் குறைவு இருப்பதுண்டு. தேயிலை விளையும் ஊரில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும்: ரொட்டியோடு சேர்த்துச் சாயத் தண்ணி கொடுத்தால், தேயிலையில் உள்ள டானின் சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். சிறு பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டாம். இதை எங்கள் வீட்டில் அறிவித்தபோது, “அப்பாயி மட்டும் குடிக்கிறாங்க?” என்ற கேள்வி வந்தது. இப்போது அப்பாயி கோடிப்புறத்தில் மறைவாக நின்று குடிக்கிறார்.

கிளினிக்கிலும் இவர்களுடைய ஆட்சிதான். மூன்று வயதில் எம்.எம்.ஆர். ஊசியின் இரண்டாம் தடவை. ஒன்பது மாதத்தில் முதல் ஊசி போட்டபோது பேசத் தெரியாமல் அழுத அதே பிள்ளைகள், இப்போது வழக்கறிஞர்களாகத் திரும்பி வருவார்கள். “மொதல்ல டாக்டரம்மாவுக்குப் போடுங்க” என்றான் ஒருவன். “நாளைக்கு வரவா?” என்று மரியாதையாகத் தவணை கேட்டாள் ஒருத்தி. இன்னொருவன் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டு, “நான் சொன்னாத்தான் குத்தணும்” என்றான். காத்திருந்தோம். “ஒண்ணு, ரெண்டு, மூணு, குத்துங்க.” குத்தினோம். அழுதான், ஆனால் திமிறவில்லை. ஊசி போடுவது நாங்கள் முடிவு செய்தது. எந்த நொடியில் என்பதை அவன் முடிவு செய்தான். அந்த ஒரு நொடி அவனுக்குப் போதுமாக இருந்தது.

பஸ்ஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டிக்கட் காசைத் தானே கொடுப்பேன் என்றாள் எங்கள் மகள். கண்டக்டர் மாமா அவசரத்தில் அம்மாவின் கையிலிருந்து வாங்கிவிட்டார். அக்கரபத்தனை வரும்வரை பஸ் முழுவதும் கச்சேரி. ஆளுக்கொரு ஆலோசனை வந்தது. “டொபி குடுங்க.” “பொலிஸ் வருதுன்னு சொல்லுங்க.” “ரெண்டு போடுங்க டாக்டரம்மா, சரியாயிரும்.” பின் சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு: “டாக்டரம்மா புள்ளைக்கே இப்பிடின்னா நம்ம புள்ளைகளச் சொல்லி என்ன?” கடைசியில் கண்டக்டர் மாமாவே வந்து, வாங்கிய காசை அவள் கையில் கொடுத்து, மறுபடி முறையாக வாங்கிக்கொண்டார். அழுகை நின்றது. “மிச்சம்?” என்று கையை நீட்டினாள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த ‘ரெண்டு போடுங்க’ எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தோட்டத்தில் ‘நல்ல புள்ள’ என்றால் சத்தம் போடாத பிள்ளை. அம்மா விடியக் காலையில் மலைக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட வேண்டும். அங்கே ஓர் ஆயம்மா, கைக்கு அடங்காத பிள்ளைகள். பிடிவாதம் பிடிக்க யாருக்கு நேரம் இருந்தது? இன்று பல தோட்டங்களில் மடுவம் சிறுவர் அபிவிருத்தி நிலையமாகிவிட்டது, பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், விளையாட்டுப் பொருள் இருக்கிறது. ஆனாலும் ‘கையக் கட்டு, வாயில விரல் வை’ என்ற பழைய பாடம் முழுதாகப் போகவில்லை. முன்பள்ளியில் ஒருநாள் எல்லோரும் வாயில் விரல் வைத்திருந்தபோது எங்கள் மகள் விரலை எடுத்துவிட்டு, “வாயில விரல் வச்சா எப்பிடி டீச்சர் பாடுறது?” என்று கேட்டிருக்கிறாள். அந்த டீச்சர் நல்லவர். சிரித்துவிட்டு முதலில் பாட்டை வைத்தாராம்.

எங்கள் அப்பாயி முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பேத்திக்கு அவரோடு விளையாட மிகவும் பிடித்த விளையாட்டு கொழுந்து நிறுப்பது. பேத்தி கொழுந்து எடுப்பவள், அப்பாயி கணக்கப்பிள்ளை. ஒருநாள் சின்னக் கூடையில் வேலியோரத்து இலைகளை நிறைத்துக் கொண்டுவந்தாள். அப்பாயி தராசு பிடிப்பது போல் கையை உயர்த்தி, பழைய குரலில் சொன்னார்: “பதினஞ்சு கிலோ. தண்ணிக்கும் கூடைக்கும் ரெண்டு கழிவு. பதிமூணு.”

“ஏன் கழிக்கிறீங்க?”

“அது அப்பிடித்தான்.”

“நான்தானே பறிச்சேன்? பதினஞ்சு எழுதுங்க.”

“எழுத முடியாது.”

கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். “அப்ப நான் வேலைக்கு வரமாட்டேன்.”

அப்பாயி சிரித்தார். கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு காற்றில் விரலால் பதினைந்து என்று எழுதினார். அன்று இரவு சாப்பிடும்போது சொன்னார்: “நாங்க எல்லாரும் நெனச்சதுதான். வாயில வரல.”

1930-களில் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் நடுவே மேடை ஏறிப் பாடினார், பேசினார். அப்படி வாய் திறந்த பெண்கள் அன்றும் இருந்தார்கள். பெரும்பாலானோருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அடங்கி இருப்பதுதான் பிழைக்கும் வழியாக இருந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே பாடத்தை நம் பிள்ளைகளுக்கும் அடித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

2021 ஜூலையில் டயகம என்ற பெயர் நாடு முழுவதும் கேட்டது. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்த எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். அவள் ஏன் மறுக்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்பது அநியாயம். அந்தச் சுமை பிள்ளையுடையதாக இருக்க முடியாது. கேள்வி பெரியவர்களாகிய நமக்குத்தான்: ஒரு பெண்பிள்ளை ‘மாட்டேன்’ என்று சொன்னால், நின்று, ‘ஏன்?’ என்று கேட்கிற பழக்கம் நமக்கு இருக்கிறதா? அந்தப் பழக்கம் நம் வீட்டில், நாலு வயதில், ரொட்டித் துண்டிலும் சுவெட்டரிலும்தான் தொடங்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பேரம் பேச முடியாதவை சில உண்டு: அடுப்பு, கொதிதண்ணி, றோட்டு, மருந்து, களைக்கொல்லிப் போத்தல். அங்கே அழுதாலும் சரி, ‘இல்லை’ என்றால் இல்லைதான். தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம், அடிக்க மாட்டோம். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005-இல் சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்கு ஒரு சுற்றறிக்கை நாமே எழுதிக்கொள்ளலாம். மற்றவற்றில் எதை உடுப்பது, எந்தக் கோப்பையில் சாப்பிடுவது என்பதையெல்லாம் அவளே தீர்மானிக்கட்டும். முக்கியமாக, விருந்துக்கு வந்த மாமாவுக்கு முத்தம் கொடுக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் இன்னொரு தேத்தண்ணி ஊற்றுங்கள். தன் உடம்பு தன்னுடையது என்று ஒரு பிள்ளை படிக்கும் முதல் பாடம் அது.

அடிக்கடி நீண்ட நேரம் அடங்காமல் அழுவது, தன்னையே அடித்துக் காயப்படுத்துவது, பேச்சு வராதது அல்லது வந்த பேச்சு நின்றுபோவது, கூப்பிட்டால் திரும்பாதது ஆகியவற்றைக் கண்டால் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். பதிவுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள்.

சகோதரிகளே, இந்த மண்டபத்தில் இருப்பவர்களைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். தோட்டத்திலிருந்து இங்கே படிக்க வந்த நம்மில் எத்தனை பேர் ‘போயே தீருவேன்’ என்று வீட்டில் அடம்பிடித்து வந்தோம்? பெரிய பிள்ளையானதும் படிப்பை நிறுத்தலாம் என்று பேச்சு வந்தபோது சாப்பிடாமல் படுத்தவர்கள் எத்தனை பேர்? அன்று நம்மை ‘வாயாடி’ என்றார்கள், ‘சொல்பேச்சுக் கேளாதது’ என்றார்கள். அந்தப் பட்டங்களை வாங்கிய பிறகுதான் மற்றப் பட்டங்கள் வந்தன. வீட்டிலும் வகுப்பிலும் அந்தப் பிடிவாதத்தை உடைக்காமல் பொறுத்துக்கொண்ட ஒருவராவது நம் ஒவ்வொருவருக்கும் இருந்திருப்பார். அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.

அந்தப் பொறுமையை அடுத்தவர்களுக்குக் கொடுக்கும் முறை இப்போது நம்முடையது. நூறாவது ஆண்டில் இந்தப் பாடசாலைக்குச் சேரப்போகும் பிள்ளைகள் இன்று எங்கோ ஒரு முன்பள்ளியில் வாயிலிருந்து விரலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியைகளே, எங்களுடையவளும் வருவாள். கேள்வியோடுதான் வருவாள். முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.