கழுத்தில் இருந்த சாட்சி



ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவைச் சேர்ந்த ட்ருகனினி என்ற பழங்குடிப் பெண்ணின் பழைய புகைப்படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். முகத்தில் சிரிப்பில்லை. கழுத்தில் பல சுற்றாகக் கிளிஞ்சல் மாலை. 1876இல் அவர் இறந்ததும், டாஸ்மேனியப் பழங்குடியே அத்தோடு முடிந்தது என்று வெள்ளையர்கள் எழுதிவைத்தார்கள். தன் உடலைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள் என்று அந்தத் தாய் மன்றாடியிருந்தார். ஆனாலும் அவரது எலும்புக்கூட்டை 1904 முதல் 1947 வரை ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்தார்கள்! 1976இல்தான் அந்த எலும்புகள் எரிக்கப்பட்டு, சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. இங்கிலாந்தின் எக்ஸிடர் அருங்காட்சியகத்தில் இருந்த அவருடைய மாலை ஊர் திரும்பியது 1997இல்.

நான் கேட்கிறேன், முடிந்துபோன இனம் என்றால், அதே மாலையை இன்றும் கோப்பவர்கள் யார்?

டாஸ்மேனியாவுக்கு வடக்கே பாஸ் நீரிணையில் கேப் பேரன் தீவு, ஃபிளிண்டர்ஸ் தீவு என்று காற்றடிக்கும் சில தீவுகள் உள்ளன. சீல் வேட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டுபோன பழங்குடிப் பெண்கள் அங்கே பிள்ளை பெற்று வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் கலப்பினம் என்று சொல்லி அரசு கணக்கிலிருந்து தள்ளியது. தாய்மார்கள் தள்ளவில்லை. கடல் வற்றும் நேரம் பார்த்து மகள்களை அழைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

மாலைக்காக அவர்கள் தேடுவது மைரீனர் என்னும் சின்னஞ்சிறு கடல் நத்தையை. பெருங்கடற்பாசியின் இலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். கரையில் ஒதுங்கிய ஓடு ஒளி மங்கியிருக்கும் என்பதால் உயிரோடு எடுக்க வேண்டும். சதையைப் போக்கி மேல்தோலை அகற்றினால் உள்ளே நீலமும் பச்சையும் இளஞ்சிவப்பும் ஒன்றாய் மின்னும். அந்தக் காலத்தில் புகை காட்டித் தேய்த்தார்கள், விலங்கின் கூரிய பல்லால் துளையிட்டார்கள், கங்காரு நரம்பில் கோத்தார்கள். இன்று வினிகரும் ஊசியும் நூலும் வந்துவிட்டன. அளவு பார்த்துப் பிரிக்கும் பொறுமை மட்டும் மாறவில்லை. சில நீண்ட மாலைகளுக்கு ஆயிரத்துக்கும் மேலே ஓடு வேண்டும். சேர்க்க மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுகளே ஆகும். எந்தக் கரையில் எது கிடைக்கும் என்ற அறிவு குடும்பத்துக்குள்ளேயே இறங்கி வருகிறது.

கேப் பேரன் தீவில் 1946இல் பிறந்த லோலா கிரீனோ அம்மையார் இந்தக் கலையின் பெரிய கை. அவருடைய மாலைகள் ஆஸ்திரேலியாவின் பெரிய கலைக்கூடங்களில் இருக்கின்றன. அவர் போன்றவர்கள் இளம் பெண்களை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்ததால்தான், தொடர்பு விட்டுப்போன குடும்பங்களுக்கும் இந்த அறிவு திரும்பியது.

இப்போது கடலே சூடேறுகிறது. டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் பெருங்கடற்பாசிக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. ஓடு கிடைப்பது குறைகிறது என்று கோப்பவர்களே சொல்கிறார்கள். வெள்ளையரின் துப்பாக்கியிலிருந்தும் அவர்கள் செய்த நாடுகடத்தலிலிருந்தும் தப்பிய கலைக்கு இப்படி ஒரு ஆபத்து வந்திருப்பது எனக்கு ஆறாத துயரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் வெள்ளை வணிகர்கள் இதே ஓடுகளை மூட்டை மூட்டையாக அள்ளி, 'ஹோபார்ட் மாலை' என்று ஏற்றுமதி செய்தார்கள். அருங்காட்சியகங்களிலோ கோத்தவள் யாரென்று எழுதாத மாலைகள் எத்தனையோ கிடக்கின்றன. எனவே, எந்த நாட்டு அருங்காட்சியகத்திலாவது இப்படி ஒரு மாலை உங்கள் கண்ணில் பட்டால், இதைக் கோத்த பெண் யார் என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தீவுகளில் இருக்கும் அந்தப் பெண்களின் பேத்திகளிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.