சந்தாவும் அலைவரிசையும்

வானொலியில் நாங்கள் பேசுகிறோம், நீங்கள் கேட்கிறீர்கள். பதிலுக்குப் பேச வழியில்லை. ஆனால், அரசுத் தேர்வெழுதி உரிமம் வாங்கி, மொட்டைமாடியில் ஆண்டெனா கட்டி, ஊர் உலகத்தோடு பேசுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்களை ஹாம் என்பார்கள். காசு வாங்காமல், ஆசைக்காகச் செய்வது.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து அலைபரப்ப அப்போது அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. ஐதராபாத்தில் உள்ள ஓர் அமைப்பு கேட்டு வாங்கியிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகள் வழியே, தீவில் சிக்கியவர்களின் நலச்செய்தி வெளியே வந்தது. தனியாள் கேட்டிருந்தால் அந்தக் கருவி அங்கே போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

"உரிமம் என்னிடம் இருக்கிறது, கருவியும் இருக்கிறது, சங்கம் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் கேட்டால் இலவசமாகவே பதில் வருகிறதே! நியாயமான கேள்விதான். சங்கங்களில் கோஷ்டிப் பூசலும் பழம்பெருமையும் இருப்பதையும் மறுக்கப்போவதில்லை. ஆனால் உயரமான இடத்தில் நின்று, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டருக்கு பேட்டரி மாற்றுவது யார்? சிறுவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்வது யார்? பேசியதை உறுதிசெய்து வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைகளை மொத்தமாகக் கட்டி அனுப்புவது யார்?

இவையெல்லாம் சங்கச் சந்தாவின் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாதது ஒன்று இருக்கிறது. அலைவரிசை புறம்போக்கு நிலம் மாதிரி. கேட்பாரில்லை என்று தெரிந்தால் யாராவது வேலி போட்டுவிடுவார்கள். 2019இல் ஐரோப்பியக் கூட்டம் ஒன்றில் பிரான்ஸ் ஒரு யோசனை வைத்தது: ஹாம்கள் அதிகம் புழங்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை விமானத் துறைப் பயன்பாட்டுக்கும் தரலாமா என்று ஆராய வேண்டும். பல நாட்டு ஹாம் சங்கங்கள் அவரவர் அரசிடம் ஆட்சேபம் எழுதின. சில மாதங்களில் யோசனை கைவிடப்பட்டது. 1925இல் பாரீஸில் பிறந்த பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் இந்த எதிர்ப்பை ஒருங்கிணைத்தது. அதில் தனியாள் சேர முடியாது. நாட்டுக்கு ஒரு சங்கம்தான். நமக்கு இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம்.

அந்தச் சங்கம் அரசின் முன் போய் நிற்கும்போது, "உங்களுக்கு எத்தனை உறுப்பினர்கள்?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். அலைவரிசைகளை யாருக்குத் தருவது என்று நாடுகள் முடிவுசெய்யும் அடுத்த உலக வானொலி மாநாடு 2027இல்.