போகும் வழியும் திரும்பும் வழியும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் ஜமாஅத் உறுப்பினருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

செயலாளர் அவர்கள் இப்போதுதான் வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்தார்கள். அந்தக் கணக்கில் இடம்பெறாத ஓர் இழப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன். நம்மை விட்டு விலகிச் செல்லும் பிள்ளைகளைப் பற்றியது அது. ஊரும் வேண்டாம், உறவும் வேண்டாம். ஒரு காட்டிலோ மலையிலோ தனித்திருந்தால்தான் நான் யார் என்பது எனக்கு விளங்கும் என்று எண்ணும் இளைஞர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். அவர்களைப் பித்தர் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயம் ஆகாது. அவ்வாறு சென்ற இருவரின் வரலாற்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாமவர் அமெரிக்க இளைஞர் கிறிஸ்டோபர் மெக்கேண்டில்ஸ். 1968இல் பிறந்தவர், வசதியான குடும்பம். 1990இல் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பெற்றோரின் இல்வாழ்வு பற்றித் தம்மிடம் மறைக்கப்பட்டிருந்த ஓர் உண்மை அவர் உள்ளத்தை ஆழமாகப் புண்படுத்தியிருந்தது. சுற்றிலும் காணும் ஆடம்பரத்தையும் அவர் வெறுத்தார். சேமிப்பில் இருந்த சுமார் 24,000 டாலரை வறியோருக்கு உதவும் நிறுவனத்திற்கு அளித்துவிட்டு, எவரிடமும் சொல்லாமல் புறப்பட்டார். பெற்றோர் இட்ட பெயரையும் விட்டு, நாடோடி எனப் பொருள்படும் புதுப்பெயர் ஒன்றைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் அலைந்த பின்னர், 1992 ஏப்ரல் இறுதியில் அலாஸ்காவின் பனிக்காட்டுக்குள் தனியே நடந்தார். கையில் ஐந்து கிலோவுக்கும் குறைவான அரிசி, ஒரு சிறு துப்பாக்கி, சில நூல்கள். வழியில் வண்டியில் ஏற்றிச் சென்ற அன்பர், வேண்டிய பொருள்களை வாங்கித் தருகின்றேன் என்று கூறியும் அவர் இசையவில்லை. அவ்வன்பர் வற்புறுத்திக் கொடுத்த ரப்பர் காலணிகளோடு போனார். நெடுஞ்சாலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பேருந்து ஒன்றே அவருக்கு வீடாயிற்று.

அன்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் காட்டிலேயே இருந்துவிட விரும்பினார் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. இரண்டு மாதங்களுக்குப் பின், ஜூலைத் தொடக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். ஏப்ரலில் எளிதாகக் கடந்த டெக்லனிகா ஆறு, கோடை வெயிலில் பனிப்பாறைகள் உருகியதால் பெருவெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆற்றில் சற்றுத் தொலைவில், இரும்புக் கயிற்றில் தொங்கும் கூடையில் அமர்ந்து மறுகரை சேர ஏற்பாடு இருந்தது. நல்ல வரைபடம் இல்லாததால் அவர் அதை அறியவில்லை. மீண்டும் பேருந்துக்கே சென்றார். ஆகஸ்ட் மாதத்தில், 24 வயதில், உண்ண உணவின்றி மெலிந்து இறந்தார். செப்டம்பரில்தான் உடல் கண்டெடுக்கப்பட்டது. காட்டு விதைகளின் நஞ்சும் காரணமா என்று ஆய்வாளர் இன்றும் விவாதிக்கின்றனர்.

அவர் விட்டுச் சென்ற இரு குறிப்புகள் என் நெஞ்சை உலுக்கின. ஒன்று, தாம் படித்த நூலின் ஓரத்தில் எழுதியது: மகிழ்ச்சி என்பது பிறரோடு பகிரும்போதுதான் மெய்யாகிறது என்பது அதன் கருத்து. மற்றொன்று, அவ்வழியே வருவோரிடம் உதவி வேண்டி எழுதிய தாள். அதில் புதுப்பெயரை எழுதவில்லை. பெற்றோர் இட்ட பெயரையே எழுதிக் கையொப்பமிட்டார். தம் அடையாளத்தைத் தேடிச் சென்றவர் இறுதியில் வந்து சேர்ந்தது அந்தப் பெயருக்குத்தான்.

இரண்டாமவரை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1091இல் பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார்கள். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பயின்றனர். அமைச்சர்களும் அவர்களை மதித்தனர். ஆயினும், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற வினா அவர்களை வாட்டியது. போவதா இருப்பதா என்று ஆறு மாத காலம் தவித்தார்கள். முடிவில் நாவும் கட்டுண்டு, பாடம் நடத்த இயலாமற் போயிற்று. ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், பக்தாதை விட்டு வெளியேறினார்கள். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு தனித்திருந்தார்கள், பைத்துல் முகத்தஸ் சென்றார்கள், ஹஜ்ஜையும் நிறைவேற்றினார்கள்.

இவர்களும் செல்வத்தைப் பகிர்ந்தளித்தவர்களே. ஆனால் பிள்ளைகளின் வாழ்வுக்குத் தேவையானதை ஒதுக்கிவைத்துவிட்டே புறப்பட்டார்கள். பின்னர்த் தம் பிள்ளைகளின் அழைப்பு தம்மை ஊர் திரும்பச் செய்தது என்று தாமே எழுதியுள்ளார்கள். சுமார் பதினோர் ஆண்டுகளுக்குப் பின் நைசாப்பூரில் மீண்டும் கற்பிக்கலானார்கள். நாற்பது பகுதிகள் கொண்ட இஹ்யாவில் ஒரு பகுதியைத் தனிமைக்கென்றே ஒதுக்கி, அதன் நன்மைகளையும் தீமைகளையும் ஒருசேர எடைபோட்டுக் காட்டினார்கள்.

நம் மார்க்கம் தனிமையை முற்றிலும் மறுக்கவில்லை. குழப்பம் மிகுந்த காலத்தில் ஈமானைக் காக்க ஆடுகளோடு மலையுச்சிக்குச் செல்வது பற்றியும் நபிமொழி உண்டு. மக்களோடு கலந்து வாழ்ந்து, அவர்கள் தரும் துன்பத்தைப் பொறுப்பவரே மேலானவர் என்ற கருத்திலும் நபிமொழி உண்டு. இவ்விரண்டையும் இணைக்கும் வாழ்வை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே காண்கின்றோம். நபித்துவத்திற்கு முன்னர் ஹிரா குகைக்கு உணவு எடுத்துச் செல்வார்கள். அது தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வருவார்கள். மீண்டும் உணவு எடுத்துக்கொண்டு செல்வார்கள். வஹீ அருளப்பட்டபோது நடுங்கியவாறு இறங்கி வந்ததும் அந்த இல்லத்திற்கே. அன்னையார், எங்கே போனீர்கள் என்று கடிந்து கேட்கவில்லை. போர்வை போர்த்தி ஆறுதல் கூறினார்கள். மலைக்கும் வீட்டுக்கும் இடையே வழி திறந்தே இருந்தது.

ஆகவே, நான் கூற விரும்புவது இதுதான். போகின்றவரிடம் குற்றம் காண்பதை விட, திரும்பி வருவதற்கு வழி இருக்கின்றதா என்று பார்ப்பதே முதன்மையானது. அந்த வழியில் பாதியை அமைக்க வேண்டியவர் போகின்றவர். மறுபாதியை அமைக்க வேண்டியவர்கள் நாம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற பிள்ளை ஒருவர், நம் தெருவைச் சேர்ந்தவர், படிப்பை விட்டுச் சொல்லாமல் போனார். மலைத்தோட்டம் ஒன்றில் வேலை பார்த்து நான்கு மாதம் தனியே இருந்துவிட்டு, ஒருநாள் திரும்பி வந்து ஃபஜ்ர் தொழுகைக்கு வந்தார். தொழுகை முடிந்து ஹவுழ் அருகே நின்ற அவரைச் சூழ்ந்துகொண்டு, எங்கே ஓடிப்போனாய், பெற்றவளை இப்படி அழ வைக்கலாமா என்று ஆளுக்கொரு வினா தொடுத்தோம். கேட்டவர்களில் நானும் ஒருவன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மீண்டும் போய்விட்டார். அவருடைய தாயார் மௌத்தான அன்றுதான் பிறகு வந்தார். அந்தத் தாய் என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. ஆனால் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் என் கால் தயங்குகின்றது. அலாஸ்காவில் அந்த இளைஞரை மறித்தது ஆற்று வெள்ளம். இங்கே என் மாணவரை மறித்தது எங்கள் நாவு.

இளைஞர்களே! தனிமை வேண்டுமென்றால் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். எங்கே இருக்கின்றீர்கள் என்று ஒருவருக்காவது தெரியட்டும். அந்தப் பேருந்து இருந்த பாதையில் சென்று, 2010இலும் 2019இலும் இரு பெண்கள் அதே ஆற்றில் மூழ்கினர். அதன் பின்னர் 2020இல் அப்பேருந்தை ஹெலிகாப்டர் மூலம் அகற்றினார்கள். காடு எவருக்கும் பகையன்று. ஆனால் ஆயத்தமின்றி வருபவரை அது பொறுப்பதில்லை.

பெற்றோர்களே! பிள்ளை மௌனமாக இருக்கும்போதே அருகில் அமருங்கள். நிர்வாகிகளே! திரும்பி வரும் பிள்ளைக்கு முதல் ஸஃப்பில் இடம் கொடுப்போம்; வினாக்களை அவன் தாயிடம் விட்டுவிடுவோம். பள்ளியின் வாசல் அகலமாக இருந்து பயனில்லை. வாசலில் நிற்கும் நம் உள்ளமும் அகலமாக இருக்க வேண்டும்.

விலகிச் சென்ற நம் பிள்ளைகளை எல்லாம் வல்ல அல்லாஹ் நலமுடன் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பானாக! அவர்கள் வரும்போது வரவேற்கும் பண்பை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.