கேட்டுவிட்டுக் கை வையுங்கள்

தலைப்பை அறிவித்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் செருமினார்கள். செருமுங்கள் ஐயா, தப்பில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் அநேகம் பேர் பட்டு வந்த விஷயத்தைத்தான் பேசப்போகிறேன்.

பிரசவ வார்டில் 'பி.வி. பார்ப்பது' என்பார்கள். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரலை உள்ளே விட்டுப் பார்ப்பது. தேவையான சோதனைதான். அது நடக்கிற விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

வலி உச்சத்தில் இருக்கும்போது சேலையைத் தூக்குகிறார்கள். "காலை மடக்கு. இறுக்காதே. இதுக்கே இப்படிக் கத்தினா எப்படி?" விரலை எடுத்ததும், "நாலு சென்டிமீட்டர்" என்று பக்கத்து சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுப் போய்விடுகிறார்கள். யாருடைய உடம்போ அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. கொஞ்ச நேரத்தில் பயிற்சி மாணவர் வருவார். மறுபடியும் காலை மடக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலைப் பாருங்கள். வலி வேகம் பிடித்த கட்டத்தில், சிக்கல் இல்லாத தாய்க்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது. ஒரே தாயைப் பல பேர் மாறிமாறிச் சோதிக்காதீர்கள் என்றும் சொல்கிறது. பனிக்குடம் உடைந்த பிறகு அடிக்கடி கை போனால் கிருமித்தொற்று ஆபத்து கூடும். 1847-இல் வியன்னாவில், பிணத்தை அறுத்த கையோடு பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவ மாணவர்களைக் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. கழுவச் சொன்னதற்கே சக மருத்துவர்கள் பலர் அவரைப் பகைத்துக்கொண்டார்கள். தாயிடம் கேட்டுவிட்டுக் கை வைக்கச் சொன்னால் நம்மை விடுவார்களா!

"நேரம் எங்கே இருக்கு?" என்பார்கள். ஒரு சிஸ்டருக்கு ஏழெட்டுக் கட்டில், தெரியும். "பார்க்கலாமாம்மா? இந்த வலி விடட்டும், பார்க்கிறேன்." பார்த்த பிறகு, "நாலு சென்டிமீட்டர் வந்திருக்கும்மா." இதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவள் 'வேண்டாம், கொஞ்சம் பொறுங்க' என்றால் பொறுக்கத்தான் வேண்டும். கேள்வி என்றால் இரண்டு பதிலும் உண்டு.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை 2004-லேயே அனுமதித்த மாநிலம் நம்முடையது. ஆனால் சோதனை என்றதும் முதலில் வெளியே போகச் சொல்வது அந்தத் துணையைத்தான். மேடையில் இருக்கும் மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, துணைக்கு வந்தவரைத் தலைமாட்டில் நிற்க விடுங்கள். கட்டிலுக்குக் கட்டில் திரை கட்டுங்கள். துணி வாங்கித் தர எங்கள் மன்றம் தயார். பொருளாளர் தலையாட்டிவிட்டார், எல்லோரும் சாட்சி.